உப்பின் சுவையும் பக்கத்து இருக்கைக்காரரும்: மார்மன் தற்காப்பு வாதிகளின் சொந்தக் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தற்காப்பு வாதி என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

தம் சமயத்தின் மீது வரும் குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி எழுதுவதையும் பேசுவதையும் தொழிலாகவோ தொண்டாகவோ கொண்டவரைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இவர்களை அப்பாலஜிஸ்ட் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு மன்னிப்புக் கேட்பவர் என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. இவர்களில் பெரும்பாலோர் எதற்கும் மன்னிப்புக் கேட்கும் இயல்பு உடையவர்கள் அல்லர். மார்மன் உலகில் இவர்களுள் சிலர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், சிலர் வழக்கறிஞர்கள், சிலர் ஓய்வு நேரத்தில் எழுதுகிற சாதாரண உறுப்பினர்கள். சபையின் உயர்தலைவர்கள் தங்களை இந்தப் பெயரால் அழைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் மேடையில் அவர்கள் சொல்லும் கதைகள் இதே வேலையைச் செய்வதால் அவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

'மார்மன்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா?

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018ஆம் ஆண்டு அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், முழுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் 'நான் ஒரு மார்மன்' என்று உறுப்பினர்களையே பேசவைத்து இதே சபை பெருஞ்செலவில் விளம்பரம் செய்திருந்தது. வாசகர்களுக்குப் பழகிய சொல் என்பதாலும், சபை தோன்றிய 1830க்குப் பிந்தைய வரலாறு முழுவதும் அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பதாலும், இகழ்ச்சிப் பொருள் எதுவுமின்றி இங்கே அதைக் கையாள்கிறேன்.

வாதத்தில் சொந்தக் கதை ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறது?

இதற்கு விடை சபையின் வழிபாட்டு முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக உபவாச ஞாயிறு. அன்று உறுப்பினர்கள் இருவேளை உணவைத் தவிர்த்துவிட்டு வந்து, ஆராதனையில் யார் விரும்பினாலும் எழுந்து ஒலிபெருக்கியின் முன் நின்று தங்கள் சாட்சியைச் சொல்வார்கள். சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. எழுதிக்கொண்டுவந்த பிரசங்கமும் கிடையாது. ஆறு வயதுக் குழந்தையும் வருவாள், எண்பது வயது விவசாயியும் வருவார். வீட்டுச் சாவி தொலைந்தது, மண்டியிட்டு ஜெபித்தேன், சோபாவின் இடுக்கில் பார்க்கும்படி உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது என்று ஒருவர் சொல்வார். மகன் சமயம் பரப்பும் ஊழியத்துக்குப் போயிருந்தபோது நள்ளிரவில் காரணமின்றி விழித்து அவனுக்காக ஜெபித்ததாகவும், அதே நேரத்தில் அவன் விபத்தில் தப்பியதாகப் பிறகு கடிதம் வந்ததாகவும் ஒரு தாய் சொல்வார். அந்த அரங்கில் எவரும் கை உயர்த்திக் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. கேட்பது நாகரிகமும் ஆகாது.

இதற்குச் சமயநூல் அடிப்படையும் உண்டு. விவிலியத்தோடு சபை வேதநூலாகக் கொள்ளும் மார்மன் புஸ்தகத்தின் கடைசிப் பகுதியான மரோனி 10ஆம் அதிகாரம், இந்த நூல் உண்மையா என்று உண்மையான உள்ளத்தோடு கடவுளிடமே கேட்கும்படியும், பரிசுத்த ஆவியின் வல்லமையால் விடை கிடைக்கும் என்றும் வாசகரிடம் சொல்கிறது. ஆகவே ஒரு மார்மனுக்கு அறிவதற்கான முதன்மை வழியே தன் அனுபவம்தான். தொல்லியலும் மொழியியலும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. சிறு வயதிலிருந்து மாதந்தோறும் இப்படிக் கதை கேட்டும் சொல்லியும் வளர்ந்தவர், பின்னாளில் முனைவர் பட்டம் பெற்று விமர்சகர்களோடு வாதிட உட்காரும்போது, அடிக்குறிப்புகளுக்கு நடுவில் தன்னையறியாமல் ஒரு சாட்சியைச் செருகிவிடுகிறார். ஆலயத்தில் தலையசைத்துக் கேட்டவர்களுக்குப் பதிலாக இப்போது அவர் முன்னால் இருப்பவர்கள் எதிர்வாதிகள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேலிக்கு ஆளான கதைகளில் மிகப் பிரபலமானது எது?

என் கணக்கில் உப்புக் கதைதான். பன்னிரு அப்போஸ்தலர் என்ற சபையின் உயர்தலைமைக் குழுவில் ஒருவராக இருந்த பாய்ட் பாக்கர் 1982ஆம் ஆண்டு, புதிதாகப் பொறுப்பேற்ற ஊழியத் தலைவர்களுக்கு ஆற்றிய உரையில் இதைச் சொன்னார். மறு ஆண்டு சபையின் மாத இதழில் அச்சாகி உலகம் முழுவதும் பரவியது. விமானத்தில் தமக்குப் பக்கத்தில் ஒரு நாத்திகர் உட்கார்ந்திருந்தார் என்கிறார் பாக்கர். கடவுள் இருப்பது எனக்குத் தெரியும் என்று பாக்கர் சாட்சி சொல்ல, யாருக்கும் அது தெரிய முடியாது, எப்படித் தெரியும் என்று சொல் பார்க்கலாம் என்று அந்த மனிதர் மடக்குகிறார். பாக்கருக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. அப்போது ஒரு கேள்வி மனத்தில் உதிக்கிறது: உமக்கு உப்பின் சுவை தெரியுமா? தெரியும், இப்போதுதான் விமானத்தில் சாப்பிட்டேன் என்கிறார் அவர். ஒரு கிண்ணத்தில் உப்பும் ஒரு கிண்ணத்தில் சர்க்கரையும் கொடுத்தால் பிரித்தறிவீரா? இதென்ன சிறுபிள்ளைத்தனம் என்கிறார் அவர். சரி, நான் உப்பையே சுவைத்ததில்லை என்று வைத்துக்கொள்ளும். அதன் சுவையை எனக்கு விளக்கும். அந்த மனிதர் தடுமாறி, அது இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை என்று இழுக்கிறார். எது இல்லை என்று சொன்னீரே தவிர எது என்று சொல்லவில்லையே என்று பாக்கர் முடிக்கிறார். தெரிந்த ஒன்றைச் சொல்லால் விளக்க முடியாமல் போவதால் அது தெரியாதது ஆகிவிடாது என்பது கருத்து.

கதை நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. பல்லாயிரம் இளம் ஊழியர்கள் வீட்டு வாசல்களில் நின்று இதைத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். விமர்சகர்கள் இதை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், கதைக்கான மறுப்பு கதைக்குள்ளேயே கிடக்கிறது என்பதுதான். அந்த இரண்டு கிண்ணங்களைப் பாருங்கள். பத்துப் பேரை வரிசையில் நிறுத்திக் கண்ணைக் கட்டி இரண்டையும் சுவைக்கச் சொன்னால் பத்துப் பேரும் உப்பை உப்பு என்றே சொல்வார்கள். உப்பின் சுவையைச் சொல்லால் விளக்க முடியாது என்பது உண்மை. ஆனால் விளக்க வேண்டிய தேவையே இல்லாதபடி ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துவிட முடியும். பரிசுத்த ஆவியின் சுவையை உணர்ந்ததாகச் சொல்லும் பத்துப் பேரோ பத்துத் திசைகளில் போகிறார்கள். ஒருவர் மார்மன் தலைமையிடமான சால்ட் லேக் நகருக்குப் போகிறார், ஒருவர் ரோமாபுரிக்கு, ஒருவர் மக்காவுக்கு. பாக்கரின் பக்கத்தில் இருந்தவர் இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவரைப் பேசவிட்டவரும் பாக்கர்தான், வாயடைக்க வைத்தவரும் பாக்கர்தான்.

இத்தகைய கதைகள் மீதான கேலியை நான் புரிந்துகொள்வதும் இந்த இடத்திலிருந்துதான். சொந்தக் கதையில் வரும் எதிராளிக்குச் சொந்த வாய் கிடையாது. அவர் பேராசிரியராக இருந்தாலும், வேறு சபையின் போதகராக இருந்தாலும், தலைவர் எதிர்பார்க்கும் கேள்வியைக் கேட்டுவிட்டு, தலைவர் வேண்டும் இடத்தில் மௌனமாகிவிடுகிறார். கேலிப் பிரதி எழுதுகிறவர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: அதே விமானத்தை, அதே இருக்கையை, அதே உரையாடலை வைத்துக்கொண்டு, மௌனமானவரை மீண்டும் பேசவிடுகிறார்.

கேலி செய்பவர்கள் யார்? வேறு மதத்தவர்களா?

வெளியாள்களும் உண்டு. எனினும் கூர்மையான கேலி பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்களிடமிருந்தும், உள்ளே இருந்துகொண்டே நெளிகிறவர்களிடமிருந்தும் வருகிறது. பாவனை செய்வதற்கு மொழி தெரிய வேண்டும். சாட்சி சொல்லும்போது குரல் எந்த வரியில் தழுதழுக்க வேண்டும், எப்போது கைக்குட்டை வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் உள்ளே வளர்ந்தவருக்கே தெரியும். 2008 முதல் 2018 வரை சபைத் தலைவராக இருந்த தாமஸ் மான்சனின் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயதில் பிஷப்பாக, அதாவது உள்ளூர்ச் சபைத் தலைவராக, ஆனவர், தம் வட்டாரத்தில் இருந்த எண்பதுக்கும் மேற்பட்ட விதவைகளை அவர்கள் இறக்கும்வரை தேடிப்போய்ப் பார்த்தவர். அந்த விதவைகளும் மருத்துவமனைப் படுக்கைகளும் அவர் உரைகளில் திரும்பத் திரும்ப வரும். பக்தி குறையாத உறுப்பினர்களே குடும்ப விருந்துகளில் அவர் நடையைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அது பாசத்தில் பிறந்த கேலி. மான்சன் கதைகளில் வென்றவரும் தோற்றவரும் இல்லை என்பதால்தான் அந்தக் கேலியில் கசப்பு ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

இது இணையக் காலத்தின் பண்பாடா?

இல்லை. வேகம்தான் புதிது. 1861இல் சால்ட் லேக் நகருக்குப் போய்விட்டு 1872இல் அந்தப் பயணத்தைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், மார்மன் புஸ்தகத்தை அச்சில் வார்த்த குளோரோஃபார்ம் மயக்கமருந்து என்றார். பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சாட்சிகளைப் பற்றி அவர் அடித்த நகைச்சுவை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், மார்மன் புஸ்தகத்தின் மூலம் என்று சொல்லித் தம்மிடம் வைத்திருந்த பொன் தகடுகளைக் கண்டதாக முதலில் மூவரும் பிறகு எண்மரும் கையெழுத்திட்ட அறிக்கைகள் நூலோடு அச்சாகியிருக்கின்றன. எண்மரில் நால்வர் விட்மர் சகோதரர்கள், ஒருவர் அந்த வீட்டு மாப்பிள்ளை, மற்ற மூவர் ஸ்மித்தின் தந்தையும் உடன்பிறந்தார் இருவரும். விட்மர் குடும்பம் முழுவதுமே வந்து சாட்சி சொல்லியிருந்தாலும் தமக்கு இதைவிடத் திருப்தி ஏற்பட்டிருக்காது என்று ட்வெய்ன் எழுதினார்.

சிரிப்பு வருகிறது. ஆனால் நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் மூவரான ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் ஆகியோர் 1830களின் முடிவுக்குள் சபையை விட்டுப் பிரிந்தார்கள். பின்னர் கௌடரியும் ஹாரிஸும் திரும்பினார்கள். விட்மர் 1888இல் இறக்கும்வரை திரும்பவேயில்லை. ஸ்மித்தோடு கடும் பகை ஏற்பட்ட பிறகும் தகடுகளைப் பற்றிய சாட்சியை அவர் மறுக்கவில்லை. உறவுக்காரர்கள் உறவுக்காகச் சொன்னார்கள் என்ற நகைச்சுவை இந்த இடத்தில் போதவில்லை. தற்காப்பு வாதிகளின் பலமான வாதங்களுள் ஒன்றாக இதை நானும் கருதுகிறேன். மேலும், இது கையெழுத்தும் பெயரும் உள்ள சாட்சி. பெயரில்லாத விமானப் பயணியைப் பற்றிய கதையோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இப்படிச் சொல்லப்பட்ட கதை பொய் என்று நிறுவப்பட்டது உண்டா?

உண்டு. பால் எச். டன் என்பவரின் கதை அது. 1924இல் பிறந்தவர், 1964 முதல் சபையின் பொதுத் தலைவர்களுள் ஒருவர், இளைஞர்களிடையே அவர் அளவுக்குப் புகழ் பெற்ற பேச்சாளர் அந்தத் தலைமுறையில் அரிது. புத்தகங்களும் ஒலிநாடாக்களும் வீடு வீடாக இருந்தன. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்தில் அவர் போரிட்டது உண்மை. ஒகினாவாவில் தம் உயிர் நண்பன் தம் கைகளிலேயே உயிர்விட்டதாகவும், கடைசி மூச்சில் அமெரிக்க இளைஞர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போனதாகவும் அவர் உருக்கமாகச் சொல்வார். எந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் தம் உடைகளைக் கிழித்தும் உடலைத் தொடவில்லை என்பார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடியதாகவும் சொல்வார்.

சபையே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த லின் பாக்கர் என்ற பத்திரிகையாளர் இவற்றைச் சரிபார்க்கத் தொடங்கினார். பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசியில் 1991 பிப்ரவரியில் அரிசோனா ரிப்பப்ளிக் நாளிதழில் செய்தி வெளிவந்தது. டன் எந்தப் பெரிய லீக் அணிக்கும் ஆடியதில்லை. கைகளில் இறந்ததாகச் சொல்லப்பட்ட நண்பர் அப்போது உயிரோடு இருந்தார்.

டன் முதலில் சொன்ன விளக்கத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு கருத்தை விளக்குவதற்காகப் பல நிகழ்ச்சிகளைச் சேர்த்துச் சொன்னேன் என்பது அதன் சாரம். உவமைக் கதை சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு. இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியனின் முகவரியை எவரும் கேட்டதில்லை. ஆனால் 'ஒரு மனிதன் இருந்தான்' என்று தொடங்குவது வேறு, 'என் கைகளில் இறந்தான்' என்று தொடங்குவது வேறு. இரண்டாவது சொல்லில், நான் அங்கே இருந்தேன் என்ற பிணை அடங்கியிருக்கிறது. கேட்பவர் கண்ணீர் விடுவது அந்தப் பிணையை நம்பித்தான். அதே ஆண்டு அக்டோபரில் சபையின் செய்தி இதழில் டன் ஒரு திறந்த மடல் வெளியிட்டு, தம் பேச்சிலும் எழுத்திலும் எப்போதும் துல்லியமாக இருந்ததில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1998இல் காலமானார்.

மார்மன்களில் ஒரு சாரார் செய்தியாளர்மேல்தான் கோபப்பட்டார்கள். அந்தக் கதைகளால் எத்தனை பிள்ளைகள் நல்வழிப்பட்டார்கள் தெரியுமா என்பது அவர்கள் கேள்வி. அது வெறும் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். கதை அவர்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறது. ஆனால் பயன்பட்டது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றாகிவிட்டால், பிறகு எந்தச் சாட்சியையும் எவராலும் தவறென்று காட்ட முடியாமல் போகும்.

அப்படியானால் கதை சொல்லும் எல்லோரும் பொய்யர்களா?

இல்லை. டன் விதிவிலக்கு என்றே நினைக்கிறேன். பெரும்பாலான கதைகளில் நடப்பது வேறு: நினைவு, சொல்லச் சொல்ல மெருகேறுகிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டபோது, ஏறக்குறைய நாலில் ஒருவர் சொன்னது முதலில் எழுதியதோடு எந்த விவரத்திலும் ஒத்துப்போகவில்லை. அவர்களோ தங்கள் நினைவைப் பெரிதும் நம்பினார்கள். முதலில் எழுதிய தாளைக் கண்முன் வைத்தும் பழைய நினைவு திரும்பவில்லை.

மார்மன் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1844 ஜூன் 27 அன்று ஜோசப் ஸ்மித் கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 8 அன்று நாவூ நகரில் கூடிய கூட்டத்தில், பேச எழுந்த, ஸ்மித்துக்குப் பின் சபைத் தலைமைக்கு வந்த பிரிகாம் யங்கின் முகமும் குரலும் ஸ்மித்தினுடையவையாகவே மாறித் தெரிந்தன என்று பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சமூகமே சேர்ந்து சொல்லிச் சொல்லி, அன்று மைதானத்தின் கடைசி வரிசையில் நின்றவருக்கும் அது கண்ணால் கண்டதாக ஆகிவிட்டிருக்கலாம்.

இன்னொரு வகையும் இருக்கிறது. மார்மன் புஸ்தகத்தின்படி, பண்டைய அமெரிக்காவில் வாழ்ந்த நேபியர் என்ற மக்களைச் சேர்ந்த சீடர்கள் மூவர் இறவாமல் பூமியில் உலவுகிறார்கள். இவர்களில் ஒருவர் நெடுஞ்சாலையில் காரில் ஏறிக்கொண்டு, வீட்டில் உணவைச் சேமித்து வையுங்கள் என்று எச்சரித்துவிட்டு, ஓடும் காரின் பின்னிருக்கையிலிருந்து மறைந்துபோனதாகக் கதைகள் மார்மன்கள் மிகுந்த யூட்டா மாநிலம் முழுவதும் உலவின. எப்போதும் அது அத்தை மகனின் நண்பருக்கு நடந்ததாகவே இருக்கும். நாட்டார் வழக்காற்றியலாளர் வில்லியம் வில்சன் இவற்றைப் பரிவோடு திரட்டி ஆராய்ந்தார். அவர் நம்பிக்கையுள்ள உறுப்பினர். ஆனாலும் கதையைக் கதையாகவே பார்க்கத் தெரிந்தவர்.

சபையை விட்டு விலகியவர்கள் இந்தக் கதைகளில் எப்படி வருகிறார்கள்?

அற்பக் காரணத்துக்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களாக. இதற்கு மூலக்கதை தாமஸ் மார்ஷின் பால் கதை. மார்ஷ் பன்னிரு அப்போஸ்தலர் குழுவின் தலைவராக இருந்தவர். 1838 அக்டோபரில் மிசௌரியில் சபையை விட்டுப் பிரிந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1856இல் ஜார்ஜ் ஏ. ஸ்மித் என்ற தலைவர் மேடையில் சொன்ன காரணம் இது: மார்ஷின் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பாலாடைக்கட்டி செய்வதற்காக முறைவைத்துப் பாலை மாற்றிக்கொள்வதென ஒப்பந்தம் செய்தார்கள், கறவையின் கடைசியில் வரும் கொழுப்பு மிகுந்த பாலை மார்ஷின் மனைவி ஒளித்துவைத்துக்கொண்டார், வழக்கு பிஷப் முதல் உயர்தலைமை வரை போய் எல்லா இடத்திலும் அவர் தோற்றார், அந்த ஆத்திரத்தில் மார்ஷ் சபையைக் காட்டிக்கொடுத்தார்.

பால் தகராறு நடந்தே இருக்கலாம். ஆனால் 1838 அக்டோபர் 24 அன்று மார்ஷ் அளித்த பிரமாணப் பத்திரம் நம் கையில் இருக்கிறது. அதில் பாலைப் பற்றிப் பேச்சே இல்லை. டேவியஸ் கவுண்டியில் மார்மன் படையினர் நடத்திய தீவைப்பைப் பற்றியும், டேனைட்டுகள் என்ற இரகசியக் குழுவைப் பற்றியும் அவர் பேசுகிறார். மூன்று நாள் கழித்து, மிசௌரி ஆளுநர் மார்மன்களை விரட்ட வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்ற கொடிய ஆணையைப் பிறப்பித்தார்; ஆகவே மார்ஷின் மேல் மார்மன்களுக்கு இருந்த கசப்புக்குக் காரணம் உண்டு. என்றாலும், வன்முறையைப் பற்றிய ஒரு மனச்சாட்சிக் கேள்வி, ஒரு செம்பு பாலைப் பற்றிய சண்டையாகச் சுருங்கி, நூற்றைம்பது ஆண்டுகள் பாட வகுப்புகளில் உலவியது. எவராவது வரலாற்றுச் சந்தேகத்தால் சபையை விட்டுப் போனால், யாரோ அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று உறவினர்கள் சொல்வார்கள். முன்னாள் உறுப்பினர்களின் நகைச்சுவையில் பால் ஏன் இத்தனை முறை வருகிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

நல்ல சொந்தக் கதை என்று எதையாவது சொல்ல முடியுமா?

ஹியூ நிப்ளியின் ஜீப் கதையைச் சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் மார்மன் தற்காப்பு வாதிகளில் தலையாயவர் அவர் (1910–2005). பல தொல்மொழிகள் அறிந்தவர். ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை ஃபான் பிராடி 1945இல் வெளியிட்டபோது, மறு ஆண்டே நையாண்டி நடையில் மறுப்பு நூல் எழுதியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் உளவுப் பிரிவில் இருந்தார். நார்மண்டிக் கடற்கரையில் நீர்புகாதபடி செய்யப்பட்ட ஜீப்பில் தண்ணீருக்கடியிலிருந்து கரையேறிக்கொண்டிருந்தபோது, மார்மன் புஸ்தகம் எத்தனை வியப்புக்குரிய நூல் என்பது முதன்முறையாகத் தமக்கு உறைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கரைக்கு யூட்டா கரை என்று படையினர் சங்கேதப் பெயர் வைத்திருந்தது வேடிக்கையான தற்செயல்.

இந்தக் கதை எதையும் நிறுவவில்லை, நிறுவுவதாகவும் சொல்லவில்லை. இதில் எவரும் தோற்கவில்லை. போர், பேரரசுகளின் அழிவு, செல்வச் செருக்கு ஆகியவற்றைப் பற்றி மார்மன் புஸ்தகத்தில் நிப்ளி பிற்காலத்தில் கண்டவற்றுக்கு விதை எங்கே விழுந்தது என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. அவருடைய அடிக்குறிப்புகளைச் சல்லடையிட்டுச் சலிக்கும் விமர்சகர்கள்கூட இந்த ஜீப்பை விட்டுவிடுகிறார்கள்.

தற்காப்பு வாதிகள் பதிலுக்குக் கேலி செய்வதில்லையா?

தாராளமாகச் செய்திருக்கிறார்கள். 1979இல் ஜான் வெல்ச் தொடங்கிய ஃபார்ம்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் பின்னர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் மதிப்புரை இதழை டேனியல் பீட்டர்சன் தொடக்கத்திலிருந்தே பதிப்பித்துவந்தார். அந்த இதழின் மறுப்புரைகளில் கிண்டல் தூக்கலாக இருக்கும். 1994இல் ஒரு கட்டுரையில் பத்திகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விமர்சகரைப் பெயர் சொல்லி வைகிற வாக்கியம் வரும்படி எழுதப்பட்டிருந்தது. கண்டுபிடித்து மாற்றினார்கள் என்றாலும் செய்தி பரவிவிட்டது. கூடத்தில் நடக்கும் கல்லூரிக் குறும்பு போல அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. 2012இல் பல்கலைக்கழகம் அந்த இதழின் போக்கை மாற்ற முடிவு செய்து பீட்டர்சனைப் பதிப்பாசிரியர் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அவரும் நண்பர்களும் சில வாரங்களிலேயே இன்டர்ப்ரெட்டர் என்ற புதிய அறக்கட்டளையைத் தொடங்கி எழுத்தைத் தொடர்ந்தார்கள். ஆகவே ஒரு பக்கம் மென்மையான பக்தர்கள், மறுபக்கம் கொடூரமான கேலிக்காரர்கள் என்ற படம் இரு தரப்பாருக்குமே பொருந்தாது.

கேலியால் நம்பிக்கையாளர் மனம் மாறுவாரா?

பெரும்பாலும் உறுதிப்படுகிறார். மார்மன் புஸ்தகத்தின் தொடக்கத்திலேயே லேகி என்ற முன்னோர் ஒரு கனவு காண்கிறார். வாழ்வின் மரத்தருகே வந்து கனியை உண்பவர்களைப் பார்த்து, எதிரே அந்தரத்தில் நிற்கும் பிரமாண்டமான கட்டடத்திலிருந்து, ஆடம்பர உடையணிந்தவர்கள் விரல் நீட்டிச் சிரிக்கிறார்கள். வெட்கப்பட்டவர்கள் வழிதவறிப் போகிறார்கள். இந்தக் காட்சியை ஞாயிறு பள்ளியில் வரைந்து வண்ணம் தீட்டி வளர்ந்தவரைப் பார்த்து நீங்கள் சிரித்தால், நீங்கள் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் நிற்கிறீர்கள் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். 2011இல் பிராட்வேயில் மார்மன்களைக் கேலி செய்யும் இசை நாடகம் பெருவெற்றி பெற்றபோது சபை வழக்குப் போடவில்லை, மறியல் செய்யவில்லை. பின்னர் நாடகத்தின் நிகழ்ச்சி ஏட்டிலேயே, நாடகத்தைப் பார்த்தாயிற்று, இனி நூலைப் படியுங்கள் என்ற பொருளில் விளம்பரம் கொடுத்தது. கேலிக்கு அத்தனை நிதானமான மறுமொழியை நான் அதிகம் கண்டதில்லை.

எந்தக் கேலி நியாயம், எது எல்லை மீறியது?

கதை செய்கிற வேலையைக் கேலி செய்யலாம். பெயரில்லாப் பேராசிரியர் எல்லாக் கதையிலும் ஒரே இடத்தில் வாயடைத்துப் போவது, தொலைந்த சாவிக்கு உடனே விடை தரும் கடவுள் பசித்த பிள்ளைகளின் ஜெபத்துக்குத் தாமதிப்பது, ஒருவர் கேட்டார் என்று சொல்லப்படும் கேள்விகள் எல்லாம் சொல்பவருக்கு வசதியாகவே அமைவது ஆகியவை வாதத்தின் உறுப்புகள். வாதத்தில் வைக்கப்பட்டவை தட்டிப் பார்க்கப்படும். ஒருவருடைய உடலமைப்பு, மனைவி மக்கள், அவர் அழுத இழவு ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. தாயை இழந்தவர், அன்றிரவு அறையில் ஓர் அமைதி நிறைந்தது என்று எழுதினால் அதில் எனக்கு மறுக்க எதுவும் இல்லை. அடுத்த வரியில், ஆகவே அமெரிக்கக் கண்டத்தில் நேபியர்கள் வாழ்ந்தார்கள் என்று அவர் முடித்தால் அந்த 'ஆகவே'யைத்தான் நான் பிடிப்பேன்.

முன்னாள் உறுப்பினர்களின் விலகல் கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். பிஷப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அவர் வெளிறிப்போனார் என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அந்த பிஷப்பும் பெயரில்லாதவர். அவரும் சரியான இடத்தில் வாயடைத்துப் போகிறார்.

விமானத்தில் பாக்கருக்குப் பக்கத்தில் இருந்தவர் கடைசியில் என்ன சொன்னார்?

பாக்கரின் உரையில் அதற்கும் இடம் இருக்கிறது. இருவரும் பிரியும் நேரத்தில், எனக்கு உங்கள் மதம் ஊன்றுகோலாகத் தேவையில்லை, தேவையே இல்லை என்று அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனதாகப் பாக்கர் சொல்கிறார். இதைத் தமக்கு நேராக அவர் சொன்னதாகப் பாக்கர் சொல்லவில்லை. போகிறபோது தம் காதில் விழுந்ததாகச் சொல்கிறார்.